ஆட்டோ வந்த திங்கட்கிழமை

எனக்குக் கால்கள் இரண்டும் இருந்தன; சொன்ன பேச்சைத்தான் கேட்காது. நகரியில் எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூரம் கொஞ்சம்தான் என்பார்கள், நடக்க முடிந்தவர்கள். என்னை அண்ணன் சைக்கிளில் கொண்டுபோவான். கேரியரில் அம்மா பழைய புடவையை மடித்துக் கட்டியிருப்பாள். நான் விழுந்துவிடாமல் இருக்க அவன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்து ஒரு துண்டால் முடிச்சுப் போடுவாள். பள்ளிக்கூடம் போனதும் என்னைத் தூக்கிப்போய் என் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுவான். தினமும் தாமதம், தினமும் திட்டு. அதற்கெல்லாம் அசருகிறவன் இல்லை அவன். படிப்பென்றால் அவனுக்கு உயிர். வழியெல்லாம் பாடத்தைக் கத்தி ஒப்பித்துக்கொண்டே மிதிப்பான். நான் புட்டம் வலிக்கிறதென்று முனகிக்கொண்டே வருவேன்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் விசைத்தறி ஓடியது. வேலைக்கு வந்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. அண்ணன் எட்டாவது முடித்ததுமே அவனைத் தறியில் நிறுத்திவிட நைனா முடிவு செய்தார். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"அவன நிறுத்திட்டா பொண்ண யாரு இட்டுக்கினு போறது? நீங்க போவீங்களா?"

அப்படித்தான் அண்ணன் ஒன்பதாவது போனான். அம்மாவிடம் இருந்த ஒரே சாக்கு நான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்னப் பெண்ணென்று என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஒரு சாயங்காலம் சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நடக்க முடியாத பிள்ளைகளை வீட்டு வாசலிலேயே ஏற்றிப்போக ஆட்டோ விடப்போகிறார்களாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லையாம். நல்ல மனிதர். நைனாவைக் கேட்காமல், வேண்டுமா என்று என்னையே கேட்டார், தெலுங்கில்.

"ஆட்டோ காவாலாம்மா?"

பின்னால் நின்ற அண்ணன் என் தோளை அழுத்தினான். காதருகே குனிந்து, "சைக்கிளே போதும்னு சொல்லு" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஆட்டோவில் போவது இவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன்.

"காவாலி சார்!" என்று கத்தினேன். அதிகாரி சிரித்தார், நைனாவும் சிரித்தார். அம்மா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நைனாவை மடக்க இனி அவளிடம் எதுவும் இல்லை.

நான் படித்தேன். இப்போது திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கல்லூரி வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டும் பையன்களைப் பார்க்கிற நாளெல்லாம் அண்ணன் நினைப்பு வரும். போன பொங்கலுக்கு அண்ணனிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"ஆட்டோன்னதும் உன் மூஞ்சி எப்பிடி ஆச்சுன்னு பாத்தனே," என்றான். "அதுக்கு மேல எப்பிடிம்மா சொல்றது?"

அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆட்டோ ஒரு திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள் நைனா அண்ணனைக் கொட்டகைக்குள் அழைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் காது கொடுக்கவில்லை. ஆட்டோவில் ஓரத்தில் யார் உட்காருவது என்பதுதான் அப்போது என் கவலை. காலையில் அம்மா என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள். சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். லுங்கி கட்டியிருந்தான், தலையெல்லாம் பஞ்சு.

"கம்பிய நல்லா புடிச்சிக்கினு உக்காரு" என்றான்.

ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் அங்கேயே நின்றான். இவனுக்கு மட்டும் இன்றைக்கு லீவு விட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.