மச்சம் இருந்த பக்கம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி இன்னும் என் மனைவியின் உயரத்தில்தான் தொங்குகிறது. முகம் பார்க்க நான் குனிய வேண்டும். வாசலூர்பட்டிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்ததும் அவளே அடித்த ஆணி அது. காலையில் இருவருக்கும் அந்த ஒரே கண்ணாடிதான். அவள் முன்னால் நின்று தலை பின்னுவாள்; நான் பின்னால் குனிந்து, அவள் முகத்தை ஒட்டினாற்போல் என் முகத்தைப் பார்த்து ஷேவ் செய்வேன். "நுரை எந்தலையில உழுந்துதுன்னா நீங்கதான் அலசி உடோணும்" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு படம் வரையப் பழகுகிறேன். சுவரிலிருக்கும் அவள் போட்டோவைப் பார்த்து, பென்சிலைத் தளர்வாகப் பிடித்து, அழிக்காமல், கொஞ்சம் கோடுகளிலேயே முகத்தைக் கொண்டுவர வேண்டுமாம். மகள் சொல்லித்தந்த வழி. எனக்கோ எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. முதல் படத்தில் நூற்று நாற்பது கோடுகள். "கோட்ட எண்ணாதீங்கப்பா, அம்மாவப் பாருங்க" என்று போனில் சலித்துக்கொண்டாள். போன வாரம் முப்பத்தொரு கோட்டில் மனைவியின் முகம் வந்துவிட்டது என்றே நம்பினேன்.

பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைக் காட்டினேன்.

"என்னுங்க சார், நர்ஸம்மா மச்சத்த எடம் மாத்திப் போட்டீங்க? எம்பையன் அதப் பாத்துட்டேதானுங்க ஊசி போட்டுக்குவான்!"

போட்டோவில் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. என் படத்தில் வலது கன்னத்தில். பழைய தாள்களைப் புரட்டினேன். பத்தொன்பதிலும் வலதுதான். போட்டோவைப் பார்த்துத்தானே வரைந்தேன்? கூடவே வாழ்ந்தவளின் முகமே எனக்கு மறந்துவிட்டதா?

மறுநாள் காலை ஷேவ் செய்யக் குனிந்தபோது, கண்ணாடியில் என் முகத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. சட்டென்று தாளை எடுத்து, அவள் நிற்கும் இடத்தில் பிடித்தேன். கண்ணாடிக்குள் மச்சம் இடது கன்னத்துக்கு மாறியது. தோட்டத்துப் பெண்ணை ஜன்னல் வழியே கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன்.

"இப்பத்தானுங்க நர்ஸம்மாளாட்டமே இருக்குது!"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் தெளியவில்லை. மறக்கவில்லை என்று ஆறுதல் கொள்வதா? ஊரெல்லாம் நேருக்கு நேர் பார்த்த முகத்தை, நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா? நேராக அவளைப் பார்த்தது எத்தனை முறை? எண்ணத் தொடங்கினேன், கணக்கு வரவில்லை. தாளில் இருப்பவள் அவளா, கண்ணாடிக்குள் இருப்பவளா? குனிந்தபடியே நின்றேன். என் தாடையிலிருந்து ஒரு சொட்டு நுரை, தாளில் அவள் தலைமேல் விழுந்தது.