உள்ளே ஆள் இருக்கு, சுவிட்ச் வெளியே இருக்கு

பாத்ரூம் சுவிட்ச் போடுறது எலெக்ட்ரிகல் வேலைன்னு நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது குடும்பப் பஞ்சாயத்துன்னு. டெஸ்டர் பிடிச்ச கையோட அடுத்தவங்க வீட்டுச் சண்டையில மாட்டின சகாக்களே, பெங்களூர் லிங்கராஜபுரத்துல எனக்கு நடந்ததைக் கேளுங்க.

மருமகள் கேட்டது

குளிக்கிற ரூமா அது? நாலுக்கு அஞ்சு. ஜன்னல் கிடையாது. கையை நீட்டினா ஷவர், முதுகைத் திருப்பினா கதவு. அந்த வீட்டு மருமகள் சுதா, விடிஞ்சதும் கம்பெனி கேப் பிடிச்சு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடுறவங்க. லைட், கீசர் ரெண்டு சுவிட்சையும் வெளியேருந்து உள்ளே மாத்தணும்னாங்க.

உள்ளே தண்ணி படாத இடம் ஒரு சாண் இல்ல. ஈரக் கையோட தொட்டா ஷாக் அடிக்கும்மான்னேன். சுதா சொன்னாங்க: "அது என்னைக்கோ ஒருநாள் அடிக்கும் அண்ணா. எங்க மாமனார் தினமும் ஆஃப் பண்றார்."

மாமனார் சொன்னது

சர்க்கார் உத்தியோகத்துல ரிட்டயர் ஆனவர். ஆபீஸ்ல என்ன கிழிச்சாரோ, வீட்டுல ஒரே வேலை: போற வழியில இருக்கிற சுவிட்சையெல்லாம் அணைக்கிறது. பாத்ரூம் சுவிட்ச் அவர் பேப்பர் படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்துலயே. மருமகள் தலையில ஷாம்பு போட்ட நேரம் பார்த்து இருட்டாயிடும். சின்னக் கீசர்ங்கிறதால, அணைச்ச கொஞ்ச நேரத்துல பச்சைத் தண்ணி. பெங்களூர் மார்கழியில அது தண்டனைங்க!

"உள்ளே ஆள் இருக்கான்னு எப்படி சார் தெரிஞ்சுக்குவீங்க?"ன்னு பணிவாத்தான் கேட்டேன். அடுப்படியில இருந்த சுதாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கரண்ட் சும்னே, வெட்டியா எரியக் கூடாதுப்பா. உள்ளே ஆள் இருந்தா கத்தட்டும். கத்தலைன்னா காலின்னு அர்த்தம்!"

மகன் செய்தது

சுதாவோட புருஷன் சாஃப்ட்வேர்ல பெரிய மண்டை. வீட்டுல அப்பா முன்னாடி வாயே திறக்காது. போன்ல ஆன், ஆஃப் பண்ற ஒரு சாமானை வாங்கிட்டு வந்தார். சுவர்ல பட்டனே வேண்டாம்னார். மாட்டினேன். சனி விட்டுதுடா சாமின்னு கிளம்பி வந்தேன்.

ஒரே வாரத்துல போன். மறுபடி இருட்டாம், பச்சைத் தண்ணியாம். யாரு அணைக்கிறதுன்னு கேட்டா, மகன் முனகுறார்: "அப்பா கோவிச்சுக்கிட்டாரேன்னு அவர் போன்லயும் போட்டுக் குடுத்துட்டேன். இப்ப பார்க்ல வாக்கிங் போயிட்டே ஆஃப் பண்றார்."

சுவருக்கு அந்தப் பக்கம்

வழி கண்டுபிடிச்சது சுதாதான். பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க படுக்கிற ரூம். போன் சாமானைக் கழட்டி எறிஞ்சிட்டு, ரெண்டு சுவிட்சையும் அங்கே போட்டேன். தண்ணியும் வராது, மாமனாரும் வரமாட்டார். இனிமே அவர் குளிக்கணும்னா, "சுதாம்மா, கொஞ்சம் போடேன்"னு கேட்டாகணும்.

மறுநாள் காலையில பழைய ஓட்டையை மூடப் போயிருந்தேன். பெரியவர் உள்ளே குளிச்சிட்டிருந்தார். வாசல்ல கேப் ஹார்ன் அடிச்சுது. சுதா ரூம்ல டக்குனு ஒரு சத்தம். பாத்ரூம் கதவிடுக்குல தெரிஞ்ச வெளிச்சம் போச்சு. "ஐயோ, கண்ணெல்லாம் சோப்பு! மனுஷன் உள்ளே இருக்கிறப்ப எந்த அறிவுகெட்டது அணைச்சது?"ன்னு ஒரே அலறல். பையோட வெளியே வந்த சுதா, செருப்பை மாட்டிக்கிட்டே நிதானமாச் சொன்னாங்க: "நீங்க கத்தலையே மாமா. காலின்னு நினைச்சேன்."

அன்னையிலேர்ந்து எந்த வீட்டு பாத்ரூமுக்குக் கூப்பிட்டாலும், எர்த் இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி மாமனார் இருக்காரான்னுதான் பார்க்கிறேன்.