சர்க்கரை மாத்திரை போன வழி: புக்கிட் செலம்பாவிலிருந்து ஜித்ரா வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நீர்வீழ்ச்சி கிடையாது, கடற்கரை கிடையாது, படம் பிடித்துப் போடுகிற மாதிரி சாப்பாடும் கிடையாது. அதற்காக வந்தவர்கள் என் லங்காவிப் பதிவைப் படித்துக்கொள்ளலாம். இது மார்ச் மாதத்தில் ஒரு புதனும் வியாழனும் கெடா மாநிலத்துக்குள்ளேயே நான் கார் ஓட்டிய கதை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சுங்கை பட்டாணியில் எனக்கு ஒரு சின்ன மருந்துக்கடை. பத்தொன்பது வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். போன வருடக் கடைசியில் சரோஜா அக்கா அந்தக் கவுண்டருக்கு முன்னால் மயங்கி விழுந்தார். புக்கிட் செலம்பாவ்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.8; நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. சீனித் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, அவரிடம் கேட்டுக்கொண்டு கைப்பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு மருந்து உறைகள். ஒன்று அரசாங்க கிளினிக் கொடுத்தது, இன்னொன்று ஜித்ராவில் ஒரு தனியார் கிளினிக் கொடுத்தது. இரண்டிலும் இருந்தது ஒரே மருந்து. நிறமும் அளவும் வேறாக இருந்ததால், இரண்டும் வேறு வேறு என்று நினைத்து அக்கா சேர்த்தே விழுங்கியிருக்கிறார்.

ஒருவர் எங்கே மருந்து வாங்கினாலும் அது அடுத்த கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறிக்கொண்டது. அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும், கொஞ்சம் கருவிகள் வேண்டும், ஒரு வருடம் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். எழுதித் தர ஒரு கல்லூரிக் குழு தயார். பணம்தான் இல்லை. ஆராய்ச்சி நிதி ஒன்றுக்கு விண்ணப்பித்தோம், முதல் சுற்றில் தேறினோம். வியாழன் காலை பத்தரைக்கு அலோர் ஸ்டாரில் நேர்காணல். ஒரு நோயாளியின் மருந்து எங்கெங்கே போய் வருகிறது என்று, அவருடைய சம்மதக் கையெழுத்தோடு விளக்கச் சொல்லியிருந்தார்கள். சரி, முதல் நாளே அந்த வழி முழுவதையும் நாமே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

புதன் காலை 7.40க்குப் புறப்பட்டேன். பெட்ரோல் ஐம்பது ரிங்கிட், ஒட்டுக்கடையில் நாசி லெமாக்கும் தேத்தண்ணியும் நாலரை ரிங்கிட். என் கடையிலிருந்து சரோஜா அக்கா வீட்டுக்கு மீட்டரில் 16 கிலோமீட்டர். தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் எதிரே வருகிற நேரம் என்பதால் 35 நிமிடம் பிடித்தது. இந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டரைக்குப் பிறகு கிளம்பினால் நிம்மதி.

அக்காவுக்கு அன்றைக்கு ஓய்வு நாள். காப்பி போட்டு வைத்திருந்தார். நான் படிவத்தை நீட்டிப் பெருமையாக விளக்கினேன். நாலாவது வரியில் நிறுத்தினார்.

"பேனல் கிளினிக்கும் பார்க்குமா?"

தொழிற்சாலை தன் ஆட்களுக்காகக் கணக்கு வைத்திருக்கும் கிளினிக்குக்குத்தான் பேனல் கிளினிக் என்று பெயர். அங்கே தொழிலாளி காசு கொடுப்பதில்லை, பில் கம்பெனிக்குப் போகும்.

"எல்லாரும் பார்க்கலாம் அக்கா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அப்ப கம்பெனியும் பார்க்கும்."

"கம்பெனி எப்படிப் பார்க்கும்? டாக்டர்தானே பார்ப்பாரு."

"நீ படிச்சவ, தங்கச்சி. உனக்கு இதெல்லாம் தெரியாது லா. மே மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. ரினியூ பண்ணுறப்ப ஃபைல புரட்டுவாங்க. என் ஃபைல் சுத்தமா இருக்கு. காய்ச்சல், இருமல், அவ்வளவுதான். சுங்கை பட்டாணியில எந்த கிளினிக்குப் போனாலும் அது எங்க கம்பெனி பேனலா இருக்கு. கவர்மெண்ட் கிளினிக்குக்கு எப்பவாவதுதான் போக முடியுது; போனா பாதி நாள் லீவு, திரும்பி வந்து சீட்டைக் காட்டணும். அதுக்குத்தான் என் கூடப்பொறந்த தங்கச்சி வீட்டுக்குப் போற மாதிரி ஜித்ராவுக்குப் போறேன்."

"ஜித்ரா டாக்டர்கிட்டயாவது ஏற்கனவே மாத்திரை இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாரு. இல்லைன்னுட்டேன். சொன்னா எழுதுவாரு. எழுதினா எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "மயக்கம் போட்டு விழுந்தீங்களே அக்கா! நான் இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?"

"விழுந்தா உன் கடையில விழுந்து எந்திரிச்சிக்கிறேன். வேலை போச்சுன்னா எங்க போய் விழறது? ரெண்டு பிள்ளைங்க இன்னும் படிக்குது."

கையெழுத்துப் போடவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சிடாம் கிரியில முனியாண்டி அண்ணன் இருக்காரு. எங்க கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவரு. அவர்கிட்ட கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் காரில் ஏறினேன். கெட்டது செய்கிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாரே என்று அழுகை வந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

புக்கிட் செலம்பாவிலிருந்து சிடாம் கிரிக்கு நான் போன வழியில் 27 கிலோமீட்டர், 45 நிமிடம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டைக் கண்டுபிடிக்கக் கூகுளை நம்பி இரண்டு தடவை ஒரே ரப்பர்த் தோட்டத்துக்குள் போய்த் திரும்பினேன். கடைசியில் ஒரு மளிகைக் கடைக்காரர்தான் காப்பாற்றினார்.

"ஃபோர்க்லிஃப்ட் முனியாண்டியா? அவரு இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுறாரு லா. பச்சை கேட், மஞ்சள் வேன். பதினோரு மணிக்கு இருப்பாரு, பன்னெண்டு மணிக்கு மேல பிள்ளைங்கள ஏத்தப் போயிடுவாரு."

அண்ணன் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வேனின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா அக்கா அனுப்பினார் என்றதும் நாற்காலி போட்டார். எட்டு வருடம் அதே தொழிற்சாலையில் இருந்தாராம். ஒரு நாள் கிறுகிறுப்பு என்று பேனல் கிளினிக்குக்குப் போனார், சர்க்கரை என்று சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

"காரணம் சொன்னாங்களா அண்ணே?"

"காரணம் எதுக்குச் சொல்லணும்? தேதி முடிஞ்சிச்சு, வீட்டுக்குப் போன்னுட்டாங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு சூப்பர்வைசர் கூட்டாளிகிட்டப் பேசினது மட்டும் என் காதுக்கு வந்துச்சு. என்கிட்ட எதுக்கும் ஆதாரம் இல்ல, தங்கச்சி."

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"சே, அவரு நல்ல மனுஷன். மருந்து கொடுத்தாரு, பில் கம்பெனிக்குப் போச்சு. பில்லுல மருந்து பேரு இருக்குமில்ல? மாசா மாசம் அதே பேரு வந்தா ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குப் புரியாதா என்ன?"

பில்லில் மருந்துப் பெயர் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? பத்தொன்பது வருடமாக பில் போடுகிறவள் நான். அந்தத் தாள் யார் மேசையில் போய் உட்காருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதைவிட வெட்கம், "எல்லா இடத்திலும் உடனுக்குடன் தெரியும்" என்று விண்ணப்பத்தில் நானேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் மருந்தை மாற்றிச் சாப்பிடுகிறார்கள், பாவம், சொல்லித் திருத்தலாம் என்று மிதப்பாக வந்தவள் நான். அவர்களோ எல்லாம் தெரிந்து, யோசித்து, பேருந்துக் காசு செலவு பண்ணி, தங்கள் நோயை ஊருக்கு ஊர் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சிடாம் கிரியிலிருந்து நெடுஞ்சாலை பிடித்து ஜித்ரா 98 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். டோல் எட்டு ரிங்கிட் சொச்சம். கிளினிக்கில் கூட்டமில்லாத நேரம் இரண்டு மணி. டாக்டரம்மாவிடம் சரோஜா அக்கா பெயரை நான் சொல்லவில்லை, அவரும் யார் என்று கேட்கவில்லை. தெற்கேயிருந்து ஆட்கள் வருகிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

"வருவாங்க. பக்கத்துல கிளினிக்கே இல்லாத மாதிரி இவ்வளவு தூரம் வருவாங்க. வேற மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டா, இல்லைன்னு பட்டுனு பதில் வரும். பொய்யின்னு எனக்குத் தெரியுது. துருவித் துருவிக் கேட்டா அடுத்த மாசம் வரமாட்டாங்க. அப்புறம் அந்த மருந்தும் இல்லாம போயிடும். நான் என்ன செய்ய?"

மூன்று மணிக்கு ஜித்ராவில் ஒரு காப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்தேன். ஆறு மணி வரை அங்கேயேதான் இருந்தேன், மூன்று தேத்தண்ணி, ஒரு தட்டு மீ கோரெங், பதினொன்றரை ரிங்கிட். விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தைத் தலைகீழாக மாற்றினேன். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று நோயாளியே ஒவ்வொரு இடமாகச் சொல்வார். அவர் சேர்க்காத இடத்துக்கு எதுவும் போகாது. முதலாளிக்குப் போகிற பில்லில் தொகை மட்டும் இருக்கும், மருந்துப் பெயர் இருக்காது. கல்லூரிக் குழுவிடம் போனில் கேட்டேன். வேலை கூடும், ஆனால் முடியும் என்றார்கள். அன்றிரவு அலோர் ஸ்டாரில் 95 ரிங்கிட் அறை, சுத்தமாக இருந்தது, கார் நிறுத்தக் காசில்லை.

வியாழன் நேர்காணல். மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசியதைத் தமிழில் தருகிறேன். எதிரே மூன்று பேர். தலைமையில் இருந்த பேராசிரியைக்கு எங்கள் திட்டம் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர், நிதியில் பாதி தருகிற ஒரு நிறுவனத்தின் ஆள், ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது போன வாரம் இல்லையே. நாளைக்கு இந்தச் சேவைக்குச் சந்தா கட்டப்போவது தொழிற்சாலைகள். தங்கள் ஆட்களின் ஆரோக்கியம் தெரியாவிட்டால் அவர்கள் ஏன் கட்ட வேண்டும்?"

"கட்ட வேண்டாம். இது மருந்து கொடுக்கிறவர்களுக்காகச் செய்வது. ஆள் எடுக்கிறவர்களுக்காக இல்லை."

"சம்மதக் கையெழுத்து எங்கே?"

"இல்லை. பழைய படிவத்தில் அவர் போட மறுத்துவிட்டார். மறுத்தது சரி."

அவர் சிரித்தார். "ஆக, பணம் இல்லாமல் திட்டம் நின்று, உங்கள் நோயாளி மறுபடி மயங்கி விழுந்தால்? அது உங்கள் தலையில்தானே?"

அது சுட்டது. அதில் உண்மை இருக்கிறது, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். இருந்தும் சொன்னேன்: "விழுந்தால் நான் தூக்குவேன். வேலை போனால் நீங்கள் தூக்குவீர்களா?" மூன்றாமவர் தண்ணீர் போத்தலைத் திறக்கிற மாதிரி குனிந்துகொண்டார். மாலை ஐந்து மணிக்குள் ஏழாம் பக்கம் இல்லாமல் திருப்பி அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில் கடைக்கு வந்து சேர்ந்து, ஐந்து மணிக்கு ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதையும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் நிராகரிப்புக் கடிதம் வந்தது.

எனக்கு வருத்தமா என்று கேட்டால், ஆமாம், வயிறு எரிகிறது. சில மாத வேலை போனது. தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டால், கிடையவே கிடையாது.

மருந்து, நோயாளி, ஆராய்ச்சி என்று யாராவது இதே வழியில் போக நினைத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடியும், மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர், என்னைப் போல இரவு தங்கினாலும் அறையோடு சேர்த்து 180 ரிங்கிட்டுக்குள் அடங்கும். கெடாவில் வெள்ளி சனி அலுவலகம் மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் இதில் தவறாமல் ஏமாறுவார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களைப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பிடியுங்கள். படிவத்தை முதலில் நீட்டாதீர்கள், காப்பியை முதலில் குடியுங்கள். ஏன் இவ்வளவு தூரம் போய் மருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டால் அறிவுரை சொல்லத் துடிக்கிற நாக்கைக் கடித்துக்கொண்டு பதிலைக் கேளுங்கள். இந்தப் பதிவில் பெயர், வயது, வீட்டு அடையாளம், தொழிற்சாலையின் சங்கதி எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தேடிப் பார்க்க நினைக்கும் கம்பெனி அதிகாரிகள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வேறொரு நிதிக்கு விண்ணப்பம் தயாராகிவிட்டது. ஜித்ராவில் நான் மாற்றி எழுதிய ஏழாம் பக்கம் இப்போது முதல் பக்கம். புதுப் படிவம் ஒன்று அச்சடித்து சரோஜா அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன், பதிலே இல்லை. போன ஞாயிறு வேலை முடிந்து சீருடையோடு கடைக்கு வந்தார். கவுண்டரிலேயே வைத்து, கண்ணாடி போட்டு, வரி வரியாகப் படித்தார். என் கடைக்கு ஒரு டிக். அரசாங்க கிளினிக்குக்கு ஒரு டிக். கொஞ்சம் யோசித்து ஜித்ராவுக்கும் ஒரு டிக். பேனல் கிளினிக் என்ற வரிக்கு வந்ததும் பேனாவை அழுத்திக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார், மூன்றாவது தடவை தாள் கிழிந்தது.

"ஐயோ, வேற தாள் கொடு தங்கச்சி, நல்லதா எழுதித் தர்றேன்" என்றார்.

கொடுக்கவில்லை. அதே தாளில், கிழிசலுக்குக் கீழே கையெழுத்து வாங்கினேன். அதைத்தான் அனுப்பப்போகிறேன்.