ஏழாம் அத்தியாயத்தில் சீட்டு இல்லை

வாட்ஸ்அப்பில் வரும் மரணச் செய்தியை நான் நம்புவதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கே அதில் இரண்டு முறை மாலை போட்டுவிட்டார்கள். அதனால் போன செவ்வாய்க்கிழமை காலை, திண்டிவனத்தில் என் எண்ணெய் ஆலையில் இருந்தபோது மங்கையர்க்கரசி அம்மாவின் படம் வந்ததும், அவருடைய எண்ணுக்கே போன் போட்டேன். மகள் கவிதா எடுத்தார். "அம்மா போய்ட்டாங்க சார்" என்றார். அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு மாதம் ஒரு ஞாயிறு, ஒரு டியூஷன் சென்டர் மாடியில், புத்தகம் எழுதியவரை உட்கார வைத்துப் பேசுவார். கவிஞரும் வருவார், ஜவுளிக்கடை முதலாளியும் வருவார். "மேல ஒட்டியிருக்கிற சீட்ட நம்பி நான் ஒரு மூட்டையும் வாங்கி வச்சதில்ல" என்பார். கேள்வி கேட்க வேண்டிய பக்கங்களில் பழைய பார்சல் சீட்டுகளைச் செருகி வைத்திருப்பார். வந்த எழுத்தாளரின் கண் அந்தச் சீட்டுகள் மேலேயே இருக்கும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் முறை வந்தது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை வியாபாரத்தைப் பற்றி நான் ஒரு புத்தகம் போட்டிருந்தேன். அதில் எல்லாரும் பாராட்டியது ஏழாம் அத்தியாயத்தை. விதைக்காகக் கையால் மல்லாட்டை உடைக்கும் பெண்களைப் பற்றியது அது. அம்மாவின் கையில் இருந்த பிரதியை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஏழில் மட்டும் ஒரு சீட்டுகூட இல்லை.

ஒன்றரை மணி நேரம் குடைந்து எடுத்தார். "ஈரமா இருக்குன்னு வெலய கொறச்சீங்களே, ஈரம்னு சொன்னது யாரு? உங்க கைதானே?" என்றபோது கூட்டமே சிரித்தது. ஏழாம் அத்தியாயத்தைத் தொடவே இல்லை. படியிறங்கும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நானே கேட்டேன். "ஏழாவது அத்தியாயம் உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

"அதுலதான் தம்பி உசுரே இருக்குது. ஒருநாள் பூரா உடச்சா, மறுநாள் ரசஞ்சோறு பெசையறப்போ கட்டவெரல் எரியும்னு போட்டிருக்கு. எங்க, உங்க கட்டவெரல காட்டுங்க."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எழுதினவங்க வரட்டும். அப்போ கேட்டுக்கறேன்" என்றார்.

அதை எழுதியவள் என் தங்கை செல்வி. கல்யாணத்துக்கு முன் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து உடைத்தவள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஒரே வீட்டுச் சரக்குதானே என்று நான் என் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டேன். இதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு அம்மாவை நான் நம்பவே இல்லை. எண்ணெய் வாங்க வந்தால், வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைப்பேன். எல்லார் வீட்டையும் விசாரிப்பது அவர் வழக்கம்தான். ஆனாலும் "தங்கச்சி சௌக்கியமா?" என்று அவர் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று ஆழம் பார்ப்பேன். கடைசிவரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். கவிதா என் புத்தகத்தின் அந்தப் பழைய பிரதியைக் கொண்டு வந்தார். "இத எழுதினவங்ககிட்ட குடுத்துடுன்னு அம்மா சொல்லிக்கினே இருந்தாங்க. நீங்கதானே சார் எழுதினது?"

தலையாட்டி வாங்கிக்கொண்டேன். சாவு வீட்டிலும் ஒரு பொய்.

காரில் உட்கார்ந்து பிரித்தேன். மற்றச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார். ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் அவருடைய கையெழுத்து: "உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று நீங்களேதான் சொன்னீர்களா?"

நேரே ஓமந்தூருக்கு, செல்வி வீட்டுக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன். படித்தாள். சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"என்னை யாருமே கேக்கலியேண்ணா" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா, அடுத்த கூட்டத்தைக் கவிதா நடத்துகிறார். செல்விதான் மேடையில் உட்காரப் போகிறாள். நான் கீழே, கூட்டத்தோடு. புத்தகத்தையும் எடுத்து வருகிறோம். சீட்டு ஏழிலேயே இருக்கிறது. போய் வாருங்கள், அம்மா. எழுதினவர் வருகிறார். கேட்கத்தான் நீங்கள் இல்லை.