தையில் இறங்கிய பனி

சின்னக்கருப்பன் மலையம்மாளுக்கு இரண்டு மரக்கால் மொச்சை விதை கடன்பட்டிருந்தார். அதை ஒன்றுக்கு ஒன்றரையாக, விதையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். விதைக் கடனுக்குக் காசு நீட்டினால் அந்த ஊரில் யாரும் கை நீட்டி வாங்க மாட்டார்கள்.

கடன் என்றாலே அவருக்கு உடம்பு கூசும். அவருடைய அப்பா கடைசிவரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர். இவரோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, செங்கல் சூளையில் கல் சுமந்து, திருமங்கலத்துக்கு மேற்கே ரோட்டோரமாக மூன்று ஏக்கர் கரிசல் வாங்கியவர். "எங்கப்பன் வச்சுட்டுப் போனது ஒரு மம்பட்டி. நான் வச்சிருக்கது மூணு ஏக்கரு" என்று டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல மொச்சை எடுக்க ஆளில்லை. இதை மற்றவர்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுசரைப் பனி கவிழ்த்துவிட்டது. மொச்சை மழைக்கு வளரும். காய் பிடிப்பது பனிக்குத்தான். கார்த்திகையில் பூத்து, மார்கழிப் பனியில் பிஞ்சு இறக்கி, பொங்கலுக்குப் பச்சைக்காயாகச் சந்தைக்குப் போய்விடும். அது பழைய ஏற்பாடு. இப்போது சில வருசங்களாகப் பனிக்கு அந்த ஏற்பாடு மறந்து போயிற்று. மார்கழி பாதி வரைக்கும் மேகம் மூட்டம் போட்டு நிற்கிறது, ராத்திரியில் காற்றாடி இல்லாமல் தூக்கம் வருவதில்லை. போன வருசம் பூவெல்லாம் கொட்டி, விதைக்குக்கூடக் காய் தேறவில்லை. பக்கத்துக் காட்டுக்காரி மலையம்மாள் மட்டும் முந்தின வருசத்து விதையைப் பூச்சி விழாமல் செம்மண் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள். புரட்டாசியில் அவள் வாசலில் இவர் சாக்கோடு போய் நின்றார்.

"யாரு, மொச்சைக்காரரா? என்னண்ணே, வெலைக்குக் கொண்டு வந்திருக்கீகளா?" என்றாள் அவள், தெரிந்துகொண்டே.

"அளந்து போடு தங்கச்சி. பேசுறதுக்கு நான் வரல."

"பேசாம வாங்குறதுக்கு இது ரேசன் கடையா? எப்பத் தருவீக?"

"இந்த வெள்ளாமையில குடுக்கலைன்னா இனிமே டீக்கடையில வாயத் தொறக்க மாட்டேன், போதுமா!"

ஊரே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. கடனை விட அதுதான் அவருக்குப் பெரிய பாரமாகிவிட்டது.

இந்த வருசமும் மார்கழி ஏமாற்றியது. முதல் பூ அத்தனையும் கொட்டி, வெறும் காம்பு நின்றது. பொங்கலுக்கு ஒரு பிடி காய்கூட இல்லை. ஊரில் எல்லாரும் மொச்சைக் காட்டைக் கைகழுவிவிட்டார்கள். ஆட்டுக்கிடை போடும் சோணையைக் கூப்பிட்டு, செடியை ஆட்டுக்கு விட்டு, புழுக்கையாவது மிஞ்சட்டும் என்றார்கள். மலையம்மாளும் விட்டுவிட்டாள்.

சோணை இவர் வரப்பிலும் வந்து நின்றான். "மாமா, நாளைக்கு இங்கிட்டுக் கிடை போட்டுருவமா?"

"எதுக்கு?"

"பொங்கலே முடிஞ்சு போச்சு. இனிமே இதுல என்னத்தக் காய்க்கப் போகுது?"

"மாப்ள, பொங்கலு முடிஞ்சது ஒனக்கும் எனக்கும். செடிக்கு என்ன தெரியும்? பனி இன்னும் வரவேயில்லையேடா!"

சோணை சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவர் மனைவி முனியாயி சிரிக்கவில்லை. "ஏய்யா, வீம்புக்கு நிக்கிறியா, வெவரத்தோட நிக்கிறியா?"

"ரெண்டுந்தான்" என்றார்.

விவரமும் இல்லாமல் இல்லை. பூ கொட்டிய காம்புக்குக் கீழே பக்கக்கிளை வெடித்து, மறுபடி மொட்டுக் கட்டியிருந்தது. அதை அவர் குனிந்து பார்த்திருந்தார். மற்றவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே பனி இறங்கியது. காலையில் ரோட்டில் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு போயிற்று. காட்டுக்குள் நடந்தால் வேட்டி தொடைவரை நனைந்தது. முனியாயி போர்வைக்குள்ளிருந்து, "வந்துருச்சுய்யா ஒன் பனி, இப்பச் சந்தோசமா?" என்று பல் நடுங்கக் கத்தினாள். இந்தப் பூ கொட்டவில்லை. அடுத்த காட்டில் கிடந்த சோணையின் ஆடுகள் எட்டி எட்டிப் பார்க்க, இவர் கம்பும் கையுமாகக் காவல் இருந்தார். ஆடுகளிடமும் தன் மொச்சையின் பெருமையைச் சொன்னதாகச் சோணை ஊருக்குள் பரப்பினான்.

மாசியில் சிவராத்திரி வந்தது. குலசாமி கும்பிட மதுரையிலிருந்தும் திருநகரிலிருந்தும் கார் காராகச் சனம் வந்தது. சாமி கும்பிட்ட சனத்துக்கெல்லாம் மொச்சைக் குழம்பு வேண்டும். ஊர் எல்லைக்குள் பச்சை மொச்சை நின்றது ஒரே காட்டில்தான். சின்னக்கருப்பன் ரோட்டோரம் சாக்கு விரித்து, சொன்ன விலைக்கு விற்றார். பேரம் பேசியவர்களிடம், "பனியோட போய்ப் பேசு" என்றார். மேற்கு ஓரத்து நாலு பாத்தியை மட்டும் கை வைக்க விடவில்லை, அது விதைக்கு.

கூட்டம் கலையும் நேரத்தில் மலையம்மாள் பெரிய கூடையோடு வந்தாள்.

"எங்க கோயிலுக்கு அம்புட்டுச் சொந்தமும் வந்து உக்காந்திருக்கு. என் மொச்சைதான் ஆட்டு வயித்துக்குள்ள போயிருச்சே. இதுல ரொப்புங்கண்ணே."

"துட்டு?"

"வெதைக் கடன் நிக்குதுல்ல, அதுல கழிச்சுக்கங்க."

"அது வெதை, இது காயி. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத!"

"அப்ப வெதைய அளந்துட்டுக் கேளுங்க. துட்டுத் தாரேன்." அவர் நிரப்பிய கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனியில் விதை காய்ந்ததும் அவரே சாக்கைத் தோளில் போட்டு அவள் வாசலுக்கு நடந்தார், ஊர்ப் பார்வைக்கு டீக்கடையைச் சுற்றிக்கொண்டு. சோணையும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தான். மூன்று மரக்காலையும் தலை தட்டாமல், குவித்தே அளந்து போட்டார். மலையம்மாள் ஒரு கை அள்ளி, உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"நல்ல வெதைதான்" என்றாள், மனசில்லாமல்.

"யாரு காட்டு வெதை!"

"ஆமா, அதச் சொல்லலைன்னா ஒங்களுக்குச் சோறு இறங்காதே. அடுத்த வருசம் பொங்கலுக்கா, சிவராத்திரிக்கா?"

"பனி என்னைக்கு வருதோ அன்னைக்கு. நான் ஆட்டைக் கூப்புட மாட்டேன். சரி, என் காய்க்குத் துட்டு?"

அவர் உள்ளங்கையை விரித்தார். மலையம்மாள் சிரித்துக்கொண்டே சுருக்குப்பையை அவிழ்த்து, சோணை பார்க்க, நோட்டை ஒவ்வொன்றாக எண்ணி அந்தக் கையில் வைத்தாள்.