வகிடும் பரங்கி விதையும்

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டு நின்றேன். காவலாளியின் மேசைமேல் ஒரு கேமரா திரை இருந்தது. மேலிருந்து எடுத்த படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். உச்சந்தலையில் அவளுடைய வகிடு, கோடையில் பாலாற்று மணல் மாதிரி, அகன்று வெளுத்துக் கிடந்தது. பாவம், யாரோ என்று நினைத்தேன். அவள் கைப்பையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றினாள். நானும் அப்போதுதான் மாற்றியிருந்தேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி அலுவலகம். அந்த ஒரு ஸ்டேஷன் தூரமும் ரயில் ஏரியை ஒட்டியே போகும். மார்கழிக் காலையில் பனியும் தண்ணீரும் கலந்து எது கரை எது நீர் என்று தெரியாது. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தால் அந்த நாலைந்து நிமிடத்துக்குள்ளேயே ஒரு கனவு வந்துவிடும். ஏரிக்கு அடியில் என் முடி நீளமாக வளர்ந்து பாசியோடு பாசியாக அசைந்துகொண்டிருக்கும். நான் கரையில் நின்று, அது என்னுடையதுதான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பேன். ரயில் நின்றதும் கனவும் நின்றுவிடும்.

கணவருக்குக் கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறைச் சல்லடையில் அடைத்துக்கொண்ட முடியை அவர்தான் சுருட்டி எடுத்து, நான் பார்ப்பதற்குள் குப்பையில் போடுவார். அதை நானும் பார்க்காதது போல இருந்துவிடுவேன். இரண்டு வருடமாக ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தோம். அதைப் பற்றியும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

போனில் ஒருமுறை முடி கொட்டுவதைப் பற்றித் தேடினேன். அதற்குப் பிறகு அந்தப் போன் என்னிடம் வேறு எதையும் பேசவில்லை. ஹார்மோனால் கொட்டும் முடிக்கு இயற்கை மருந்து, பக்கவிளைவே கிடையாது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக வரவழைத்தேன். பரங்கி விதை எண்ணெய் மாத்திரை, கடற்பாசி மாத்திரை, பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டுக் குட்டைப் பனையின் பழத்திலிருந்து எடுத்த மாத்திரை. எல்லாவற்றையும் சமையலறையில் ரவை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். காலையில் காபிக்கு முன்னால் மூன்றையும் விழுங்கிவிட்டு, கடற்பாசி வாடை அடிக்கும் ஏப்பத்தோடு ரயில் ஏறுவேன்.

மூன்று மாதம் ஆகியும் சீப்பில் வருவது குறையவில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன்.

நீள பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டு, ஐம்பது வயதிருக்கும். தலையில் ஈரிழைத் துண்டை முக்காடு மாதிரி போட்டிருந்தார். மின்விசிறி காற்றில் துண்டு விலகும்போதெல்லாம் கை தானாக மேலே போய் இழுத்துவிட்டது. என் கையும் அதே மாதிரி துப்பட்டாவைத் தேடிப் போவதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"உனுக்கும் முடிதானாம்மா?"

"ஆமாக்கா."

"நான் மாமல்லபுரத்துக்கு அந்தாண்ட குப்பம். மீன் விக்கறவ. சும்மாட்டாலதான் முடி போச்சுன்னு ஊரே சொல்லிகினு கீது. கூடைய எறக்கி வையின்றாங்க. கூடைய எறக்கிட்டு நான் இன்னா பண்றது?"

துண்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். கூடை உட்காருவதற்காகத் துணியைச் சுருட்டி வைப்பார்களே, சரியாக அந்தச் சும்மாட்டின் இடம்தான் தேய்ந்திருந்தது. நான் துப்பட்டாவை இறக்கி, குனிந்து, என் உச்சியைக் காட்டினேன். அவர் ஒரு விரலால் என் வகிட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தை யாரும் தொட்டு வெகு நாளாகியிருந்தது.

"நீ கூடை தூக்கறியா?"

"லேப்டாப் பைதான்க்கா. அதுவும் தோள்ல."

அவர் சிரித்தார். "அப்ப சும்மாடு இல்ல" என்றார்.

டாக்டர் இளம்பெண். எங்கள் இருவரையும் ஒன்றாக உள்ளே அழைத்துவிட்டார்கள். ஒருவர் தலையைப் பார்க்கும்போது மற்றவர் பக்கத்து ஸ்டூலில் இருந்தோம். விளக்கு வைத்த சிறு கருவியால் டாக்டர் வெகுநேரம் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டார். அக்காவிடம், "கூடையால இல்லம்மா. மாதவிடாய் நிக்கிற வயசு. உடம்புல சுரக்கறது மாறுது, அதான்" என்றார். நான் எடுத்துப் போயிருந்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, கருப்பையில் நீர்க்கட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த என்னிடம் அது சினைப்பையில் என்று திருத்திச் சொன்னார். ஆண் ஹார்மோன் சற்று அதிகம். அக்காவின் பரிசோதனைச் சீட்டையும் பார்த்து, இரும்புச்சத்து இருவருக்குமே குறைவு என்று மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

"இயற்கையா ஏதாவது சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பரங்கி விதை, ஆளி விதை, முருங்கைக்கீரை, எப்பவாவது ஒரு கப் புதினா டீ. சாப்பாடா நெனச்சு சாப்பிடுங்க, நல்லதுதான். மருந்துன்னு நெனச்சு எதிர்பார்க்காதீங்க. முடி மெதுவான ஜென்மம். ஆறு மாசமாவது ஆகும்." எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். "நீங்களா வாங்கி மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா?"

"இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. ரவை டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை ஓர் அறிமுகமில்லாதவர் எட்டிப் பார்த்துவிட்டது போல வெட்கமாக இருந்தது.

பேருந்து நிலையத்தில் அக்கா ஏறப்போகும்போது, "சனிக்கெயம காலைல குப்பத்துக்கு வா. நல்ல மீனா எடுத்து வெக்கறேன்" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன். பையில் இன்னும் பிரிக்காத ஒரு பனை மாத்திரைப் புட்டி இருந்தது. அவருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன்.

குப்பத்தில் மீன் ஏலம் முடிந்திருந்தது. வலை வைக்கும் கொட்டகையில் நீல வலைகள் குன்றுகளாகக் கிடந்தன. அவற்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்தோம். கடல் அன்று காலை மூட்டத்தில் பால் கலந்த மாதிரி இருந்தது. சத்தம் மட்டும் வந்தது, அலை எங்கே மடிகிறது என்று தெரியவில்லை.

புட்டியைக் கையில் வாங்கி அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"ஒரு பனையோட பழம்க்கா. முடிக்கு நல்லதாம். நானும் சாப்பிடறேன்."

"பனையா? நம்ம ஊரு முச்சூடும் பனதான். நமக்கு எதுனா மொளச்சிச்சா?"

"இது வெளிநாட்டுப் பனை."

அவர் மூடியைத் திறக்கவில்லை. புட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதுல எய்தி கீறத மொத்தமா படிச்சு காட்டு. பெர்சா கீறது இல்ல, சிறுசா கீறது. ஐஸ் பெட்டி வாங்கினப்போ பெர்சா கீறத மட்டும் பாத்து ஏமாந்தேன்."

எனக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது. ஆனாலும் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்கவும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். அடுத்த வரிக்கு வந்தேன். "கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், கர்ப்பம் தரிக்க முயல்பவர்களும் சாப்பிடக் கூடாது." சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டதைப் பார்த்து அக்கா, "எனக்கு அந்த வயசுலாம் போச்சு. உனக்கு எத்தினி புள்ள?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா. பார்த்துக்கிட்டு இருக்கோம்."

அவர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் வலையைக் கொஞ்சம் தட்டிச் சமப்படுத்தி, "படு, கண்ணு. வெயில் ஏறட்டும், அப்பால போலாம்" என்றார்.

நான் படுத்தேன். எத்தனை நேரம் அழுதேன், எப்போது தூங்கினேன் என்று தெரியாது. உப்பும் நைலானும் கலந்த வாசனையில், மூன்று மாதம் தினமும் காலையில் ஒரு கையால் வேண்டியதை மறு கையால் தள்ளிக்கொண்டிருந்தேனோ என்ற நினைப்பு மட்டும் அலை மாதிரி வந்து வந்து போயிற்று. விழித்தபோது அவருடைய துண்டு என் முகத்தின் மேல் வெயிலுக்காகப் போர்த்தியிருந்தது. அவர் வெறும் தலையோடு உட்கார்ந்து சின்ன மீன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரவை டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு புட்டியாக எடுத்து மேசைமேல் வைத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான். மறுவாரம் புட்டிகளோடு டாக்டரிடம் போனேன். அவர் பனை மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "இது ஹார்மோனோட விளையாடற சரக்கு. இயற்கைன்னு போட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தம் இல்ல. நிறுத்தினீங்களே, போதும். மூணு மாசத்துல ஒண்ணும் ஆயிருக்காது, பயப்படாதீங்க" என்றார். கருத்தரிப்புக்கென்று தனியாக ஒரு டாக்டரைப் பார்த்து அவரிடமும் இதைச் சொல்லச் சொன்னார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எல்லாம் அந்தக் கொட்டகையில் கழிந்தன. பரங்கி விதையை நான் வாங்கிப் போவேன். அக்கா இரும்புச் சட்டியில் போட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து வறுப்பார். விதைகள் சட்டியில் பொட்டுப் பொட்டென்று வெடிக்கும். ஆளி விதையை அவருக்குப் பிடிக்கவில்லை. வழவழவென்று மீன் செதிலைத் தின்பது போல இருக்கிறதாம். நான்தான் மோரில் கலந்து குடிப்பேன். இரும்பு மாத்திரையை மட்டும் இருவரும் தவறாமல் சாப்பிட்டோம். முதல் இரண்டு மாதம் சீப்பைப் பார்த்தோம். அப்புறம் பார்ப்பதை மறந்துவிட்டோம். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எந்த மீன் எந்தக் காற்றுக்கு வரும், பேருந்தில் கூடையோடு ஏறினால் யார் மூக்கைப் பொத்துவார்கள், அலுவலகத்தில் நாள் முழுக்க நான் அப்படி என்னதான் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் கேட்கும் கேள்விகள். அந்த மங்கலான காலைகளில் பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக எதைப் பேசினோம், எதைக் கனவு கண்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். என் நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முடி கிளம்பியிருந்தது. வகிடு மூடவில்லை. ஆனால் அதற்கு மேல் அகலவும் இல்லை. அக்காவின் உச்சி ஏறக்குறைய அப்படியே இருந்தது. கொட்டுவது மட்டும் குறைந்திருந்தது.

"விதையாலயா, மாத்திரையாலயா டாக்டரம்மா?" என்று அக்கா கேட்டார்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. இரும்புச்சத்து ஏறியிருக்கு. நல்லா சாப்பிட்டிருக்கீங்க, நல்லா தூங்கியிருக்கீங்க. எதுன்னு பிரிக்க முடியல."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனை வாசலில் இளநீர் குடிக்கும்போது, "ஆறு மாசம் தின்னவளுக்கு எதுன்னு தெரிய வாணாமா?" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "வர்றது வர்ட்டும். நான் பாட்டுக்கு வறுத்துத் துன்னுகினு இருப்பேன், ருசியா கீது" என்றார்.

குழந்தை இன்னும் வரவில்லை. அதற்கான டாக்டரிடம் கணவரும் நானும் சேர்ந்து போகிறோம். இப்போது திரும்பி வரும் வழியில் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

போன சனிக்கிழமை அக்கா திடீரென்று, "குளிக்கலாம் வா" என்றார். பிறந்ததிலிருந்து கடலோரத்திலேயே இருப்பவர், முடி போக ஆரம்பித்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் தலையை நனைத்ததே இல்லையாம். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் போனார். அலை குறைவாக இருந்தது. இடுப்பளவு நீரில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கைப் பொத்தி இருவரும் ஒரே நேரத்தில் முங்கினோம். கண்ணைத் திறந்தபோது பச்சை நிறம் மட்டும்தான் தெரிந்தது. அதற்குள் அவருடைய நரைத்த முடி, இருக்கிற அளவில், விரிந்து மிதந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்து அவர் தலையைச் சிலுப்பிக்கொண்டு, "ஜில்லுனு கீது" என்றார். இன்னொரு தடவை முங்கினார்.