மதில்மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

மரம் வெட்டுகிற அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவர் சந்தேகத்தார். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். படுத்த பிறகும் எழுந்துபோய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். "உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்பாள் மனைவி. ஆனால் மதிலோரத்து மரம் என்றால் ஜனங்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

அன்று டீச்சரம்மா வீட்டுக் கொல்லை. வேண்டாத மரங்களை வெட்டி, அடிக்கட்டைகளையும் பிடுங்கியாயிற்று. புதிதாக நட எலுமிச்சையும் மாதுளையும் பைகளில் காத்திருந்தன. பாக்கி, ஆள் உயர மதிலை ஒட்டிய ஒரே கட்டை. அதன் வேர் மதிலுக்கடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, யார் கண்டது? பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே வந்து எச்சரித்திருந்தார்: "செவுத்துல ஒரு கீறல் விழுந்தாலும் சும்மா விடமாட்டேன்."

சந்தேகத்தார் வழக்கம்போல எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மதில்மேல் வைத்தார். சுவர் அசைந்தால் தண்ணீர் வழியும். உடனே நிறுத்திவிட வேண்டும். அதைக் கவனிக்கும் வேலை, கட்டையைச் சங்கிலி போட்டு இழுக்க டிராக்டரில் இருந்த மச்சினனுக்கு. இவர் வேரை வெட்டக் குழியில் இறங்கினார்.

சங்கிலி விறைத்தது. கட்டை முனகியது.

"வழியுதா?"

"இல்ல மாமா."

இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். "இப்ப?"

"பொட்டு ஈரமில்ல. இன்னும் ஒரே இழுப்பு மாமா, வந்துடும்."

அங்கேதான் அவருக்கு இடித்தது. டிராக்டர் இந்த உறுமு உறுமுகிறது, ஒரு சொட்டுக்கூடவா தளும்பாது? நல்ல சேதி கேட்டு நிம்மதியாகிற ஜென்மமா அவர்? "நிறுத்துடா" என்று குழியிலிருந்து ஏறினார்.

டம்ளர் காலி.

வெட்டிய கட்டை ஒன்றின்மேல் ஏறி, எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் சுவரின் அடி விரல் நுழையுமளவு பிளந்திருந்தது. அதே இடத்தில் நாற்காலி போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இங்க என்ன சார் பண்றீங்க?"

"காவல்தான். கீறல் விழுந்தா எனக்குத் தெரியணுமில்ல?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "காலையில கோவமா பேசிட்டேன். அதை மனசுல வெச்சுக்காம தண்ணி வெச்சீங்களே, தேங்க்ஸ்பா."

சந்தேகத்தார் முதல் வேலையாக அவரை நாற்காலியோடு தெருப்பக்கம் அனுப்பினார். டம்ளரை மறுபடி நிரப்பி மதிலுக்குக் கொண்டுபோனார். டிராக்டர் ஓடவில்லை. ஆனாலும் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது. சங்கிலியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.